பொழுதுபோக்கு என்று நீ சொன்ன வேலை

அன்புள்ள சேகருக்கு,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியம், அரிவாள்மனையில் இருந்த குங்குமத்தைத் துடைத்ததுதான். நேற்று ஆயுத பூசைக்கு நம் ஜாடி ஷெட்டில் களிமண் அரைக்கிற மில்லுக்கும் அச்சுகளுக்கும் தராசுக்கும் உன் மோட்டார் சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டோம். இன்று மறுபூசை முடிகிறவரை அவற்றை யாரும் தொடக்கூடாது. வீட்டில் அரிவாள்மனைக்கும் அம்மிக்கும் பொட்டு வைத்தேன். மரியாதை எல்லாம் ஒன்றுதான், ஓய்வு மட்டும் அவற்றுக்குக் கிடையாது. பூசைக்கு வந்தவர்கள் சாப்பிட வேண்டுமே. வைத்த பொட்டு காய்வதற்குள் பூசணிக்காய் நறுக்கியாயிற்று. ஒட்டிக்கொண்டிருந்த மிச்சக் குங்குமத்தை இன்று துடைத்துவிட்டு வெங்காயம் அரிய உட்கார்ந்தேன். பாதி அரிந்தபோது, இதை உனக்கு எழுதாமல் இன்றைக்கு எனக்கு வேறு எந்த வேலையும் ஓடாது என்று தெரிந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு எழுதுகிறேன்.

நீ நேற்று இரவு ரயிலில் மெட்ராஸ் போய்விட்டாய். சித்தப்பா வீட்டு முகவரிக்கு இதை அனுப்புகிறேன். நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேரில் சொன்னால் நீ, "சரிம்மா, அப்பறம் பேசலாம்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். உன் அப்பாவுக்கும் இதே பழக்கம்தான். நான் பேச ஆரம்பித்தால் அவருக்குச் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேடத் தோன்றும். கடிதத்துக்கு அந்த வசதி இல்லை. பாதியில் மடித்து வைத்தாலும், மீதி அங்கேயேதான் இருக்கும்.

எனக்குக் கோபம், சேகர். நேற்றிலிருந்து கோபம். இத்தனை நாளாக இது வருத்தம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வருத்தம் என்றால் அழுகை வரவேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. வெங்காயம் அரிந்தும் வரவில்லை.

நேற்று நடந்ததை நீ எப்படி நினைவில் வைத்திருக்கிறாயோ, எனக்குத் தெரியாது. என் நினைவில் இருப்பதைச் சொல்கிறேன். பூசை முடிந்து, ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் பொரியும் சுண்டலும் கொடுத்து அனுப்பிவிட்டு, நாம் மட்டும் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். சேத்தியாத்தோப்பிலிருந்து உன் வருங்கால மாமனார் தன் மனைவியையும் வசந்தாவையும் அழைத்து வந்திருந்தார். நிச்சயம் முடிந்த பெண்ணைக் கல்யாணத்துக்கு முன்னால் இப்படிக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று உன் அத்தை என் காதில் முணுமுணுத்தாள். எனக்கு அவர்கள் அப்படி வந்தது பிடித்திருந்தது. அவர்தான் பேச்சை எடுத்தார். "மாப்ள, வசந்தா சிதம்பரத்துலேர்ந்து இங்க மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்திருக்குது. தை மாசத்துக்குள்ள ஆர்டர் வந்துரும்னு டெலிபோன் ஆபீஸ்ல சொல்றாங்களாம்."

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். "எதுக்குங்க மாமா மாத்தலு? எங்க வூட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போய்ப் பழக்கமில்ல. எங்கம்மா அந்தக் காலத்துலயே பி.எஸ்ஸி. படிச்சவங்க. அவங்களே வூட்டோடதான இருக்காங்க? நாங்க ஒழைக்கறதுக்கு இருக்கறப்ப வசந்தா ஏன் ஒழைக்கணும்? ராணி மாதிரி இருக்கட்டும்."

உன் அப்பா தலையாட்டினார். உன் மாமனார் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் மரியாதைக்குச் சிரித்தார். வசந்தா மட்டும் சிரிக்கவில்லை. அதற்குச் சற்று முன்னால்தான் நான் அவளுக்கு ஷெட்டை, ஜாடிக்கு மேல்பூச்சாக ஏறும் கிளேஸ் தொட்டிவரை, சுற்றிக் காட்டியிருந்தேன். அவள் என்னைப் பார்த்து, சத்தமாகவே கேட்டாள். "அப்போ கிளேஸ் கலக்கறது யாரு அத்தை? நீங்கதானே கலக்கறதா சொன்னீங்க?"

அதற்கு நீ சொன்ன பதிலுக்குத்தான் இந்தக் கடிதம். "அதா? அம்மா பொழுதுபோக்குக்குப் பாத்துக்கறாங்க."

"ஆமா, எங்க அண்ணிக்கு அந்தக் கொழம்பு தொட்டிய ஒரு தடவ கிண்டலன்னா சோறு எறங்காது" என்றாள் உன் அத்தை. எல்லோரும் சிரித்தீர்கள். நானும் பொரித் தட்டை நீட்டிக்கொண்டு சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அப்படிச் சிரித்ததற்குத்தான் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

பொழுதுபோக்கு. உனக்கு எட்டு வயது இருக்கும்போது உன் அப்பாவுக்கு இந்தப் பீங்கான் தொழில் எஸ்டேட்டில் ஷெட் கிடைத்தது. ஊறுகாய் ஜாடி போடலாம், நல்ல விலைக்குப் போகும் என்று ஆரம்பித்தார். அப்போது நம்மிடம் சொந்தச் சூளை கிடையாது. எஸ்டேட்டுக்குப் பொதுவான சூளையில் முறை வைத்து அடுக்குவார்கள். நம் முறை வரும் நாளைத் தவறவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சை ஜாடிகள் தொட்டால் குளிர்ந்து கிடந்தன. காயாத ஜாடியைக் கன்னத்தில் வைத்தால் தெரிந்துவிடும், உள்ளே ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். நான் சொன்னேன், "இன்னும் காயலைங்க. இந்த முறைய விட்டுடலாம்." உன் அப்பா, "கைய கட்டிக்கிட்டு குந்தியிருந்தா கம்பெனி நடத்த முடியுமா?" என்றார். இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு, தானும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, மழையோடு மழையாக அத்தனையையும் சுமந்துபோய் அடுக்கினார். காய்ச்சலே வந்துவிட்டது அவருக்கு.

சூளைக்குள் ஈரம் ஆவியாகி ஜாடிகள் வெடித்தன. நம்முடையது மட்டுமா வெடித்தது? பக்கத்தில் அடுக்கியிருந்தவர்களின் சாமான்களில் எல்லாம் நம் சில்லுகள் போய் ஒட்டிக்கொண்டன. ஊரே வந்து உன் அப்பாவுக்கு ஆறுதல் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மழைன்னும் பாக்காம இப்பிடி ஒழைச்ச மனுசனுக்கு ஆண்டவன் இப்பிடியா பண்ணுவான்?" என்றார்கள். யார் மேலும் யாருக்கும் கோபம் இல்லை, ஆண்டவன் மேல்தான். அவர் சுமந்தது உண்மை, நனைந்தது உண்மை. அந்த உழைப்புதான் ஜாடிகளை வெடிக்க வைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைவிட எனக்கு ஆத்திரம், அதற்கு முன்னால் பல நாட்கள், காற்று ஒரு பக்கமாக அடித்து வாய் கோணிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு ஜாடியையும் நான் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேனே, அதற்கு இந்த வீட்டில் பெயர் 'குந்தியிருப்பது'.

அதற்குப் பிறகு காயவைப்பதை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். கிளேஸையும் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் நம்மிடம் இருந்த ஆள் கல்மாவையும் சுண்ணாம்பையும் கண்ணால் பார்த்தே அள்ளிப்போடுவார். கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நின்றவள் நான். எது எவ்வளவு, எதற்காக என்று கேட்காமல் எனக்கு எதையும் கலக்கத் தெரியாது. கோடையில் கிணற்றுத் தண்ணீரில் உப்பேறிவிடும். அப்போது போன மாதம் போட்ட கணக்கு இந்த மாதம் செல்லாது. குழம்பு கெட்டியானால் சூளையில் திரண்டு ஒதுங்கி, ஜாடி வழுக்கைத்தலையாக வரும். நீர்த்துப்போனால் மேல் சொரசொரப்பு நிற்கும், ஊறுகாயின் உப்பு உள்ளேயிருந்து கசிந்து வெளியே பூத்துவிடும். ஒவ்வொரு சூளைக்கும் முன்னால் ஒரு உடைந்த ஜாடியைத் தோய்த்துச் சுட்டுப் பார்ப்பேன். பத்து தடவை சரியாக வந்தாலும் பதினோராவது தடவையும் பார்ப்பேன். இதை நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறாய். என் புடவைத் தலைப்பில் வெள்ளை அப்பியிருக்கும், "கிட்ட வராதம்மா, சட்டையில ஒட்டிக்கும்" என்பாய். அதே வெள்ளை அப்பா சட்டையில் இருந்தால், "அப்பா வேலையா இருக்காரு, சத்தம் போடாத" என்று உன்னிடம் சொன்னதும் நான்தான். உனக்கு அந்த அகராதியைக் கற்றுக்கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் அதைத் திருத்துகிற வேலையும் எனக்கு இருக்கிறது.

திருச்சியிலிருந்து பாத்திர வியாபாரி ஒருவர் வருவாரே, சிவப்புச் சால்வை போட்டுக்கொண்டு, நினைவிருக்கிறதா? நீ கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த சமயம், அவர் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். "உப்பு போட்டு ஒரு வருசம் வச்சுப் பாத்தேங்க. வெளியில ஒரு பூ பூக்கலை. உங்க கிளேஸ் மாஸ்டரை ஒரு தடவ பாக்கணும். அவரு கைக்கு மோதிரம் போடணும்ங்க" என்றார். உன் அப்பா கொஞ்சமும் தயங்கவில்லை. "மாஸ்டரு ஊருக்குப் போயிருக்காருங்க. வேப்பூர் பக்கம். வந்தா சொல்றேன்." நான் காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த மனிதர் என் கையிலிருந்துதான் காப்பியை வாங்கிக் குடித்தார். அவர் போன பிறகு உன் அப்பா என்னிடம், "பொம்பளை கலக்கறதுன்னு தெரிஞ்சா வெலையக் கொறைப்பான். வியாபாரம் புரியாம மூஞ்சிய தூக்காத" என்றார். அந்த வேப்பூர் மாஸ்டர் அதன்பிறகு பல வருஷம் நம் வீட்டில் இருந்தார். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும், தங்கை கல்யாணத்துக்குப் போவார். ஒருதரம் அவருக்கு மகன் பிறந்திருக்கிறான் என்றுகூட உன் அப்பா யாரிடமோ சொன்னார். நான் சிரித்துவிட்டேன், என் காதுக்கு அவ்வளவு வேடிக்கையாக இருந்தது. இல்லாத ஒரு மனிதனை உருவாக்கி, அவனுக்கு ஒரு ஊரையும் உறவையும் கொடுத்து, அவனை உழைப்பாளி என்று ஊர் மெச்ச வைக்க முடிகிறது. பக்கத்தில் நிற்கிறவளைச் சுட்டிக்காட்ட ஒரு விரலைத் தூக்க முடியவில்லை.

உன் அப்பா உழைக்காதவர் என்று நான் சொல்லவில்லை. நீ சோம்பேறி என்றும் சொல்லவில்லை. விடியுமுன் எழுந்து நீ ஷெட்டைத் திறப்பது எனக்குத் தெரியும். மில் பெல்ட் அறுந்த அன்று கையில் ரத்தம் வர நீயே அதை மாட்டினாய், அதையும் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் உனக்கு உழைப்பு என்றால் சத்தம் வரவேண்டும், வியர்க்கவேண்டும், நாலு பேர் பார்க்கவேண்டும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஜாடியில் நிற்கும் தையலை ஈரப் பஞ்சால் வழித்துக்கொண்டிருக்கும் பெண்களைக் காட்டி, "உக்காந்தே சம்பளம் வாங்குதுங்க" என்று போன வாரம் சொன்னாய். நின்றுகொண்டு வழித்தால் ஜாடி நசுங்கும், சேகர். உட்கார்ந்து செய்கிற வேலையை உட்கார்ந்துதான் செய்யவேண்டும். அவர்களில் ஒருத்தியின் கை ஒரு நொடி அழுந்திவிட்டால் உன் மில்லும் பெல்ட்டும் ரத்தமும் அந்த ஜாடியைக் காப்பாற்றாது.

நான் இத்தனை வருஷத்தில் புரிந்துகொண்டதை வசந்தா என்னைவிடக் குறைந்த வார்த்தையில் சொல்லிவிட்டாள். ஷெட்டைச் சுற்றி வரும்போது அவளுடைய டெலிபோன் ஆபீஸ் வேலையைப் பற்றிக் கேட்டேன். அலுப்பாக இருக்காதா, பகலெல்லாம் இந்தக் கம்பியை அந்தத் துளையில் செருகிக்கொண்டிருப்பது என்றேன். அவள், "அலுப்புதான் அத்தை. ஆனா போர்டுல ஒரு வெளக்கு எரிஞ்சா அந்தப் பக்கம் யாரோ காத்துக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். யாருன்னு தெரியாது, என்ன சேதின்னும் தெரியாது. அவங்கள காக்க வைக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றாள். ஒருமுறை கருவேப்பிலங்குறிச்சிக்காரர் ஒருவர் பிரசவத்துக்குப் போன மகளைப் பற்றிக் கேட்க ட்ரங்க் கால் போட்டுவிட்டு, இணைப்புக் கிடைக்காமல் தவித்தாராம். இவள் மாற்று வழியில் ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் கிடைத்ததாம். "அவரு யாருகிட்ட நன்றி சொல்றதுன்னே தெரியாம, 'அலோ மெஷினு, நல்லா இரும்மா'ன்னாரு அத்தை" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இது நடந்து அரை மணி நேரத்துக்குள்தான் நீ அவளை ராணியாக்கினாய்.

அவள் முகம் தெரியாத ஒருவருக்காக ஊர் ஊராகக் கூப்பிட்டுப் பார்த்தவள். நீ அவளிடம், உனக்கு உழைக்கத் தேவையில்லை என்று ஏதோ வரம் கொடுப்பதுபோல் சொல்கிறாய். அவள் வீட்டோடு இருந்தால் மட்டும் உழைக்காமல் இருக்கப்போகிறாளா? தண்ணீர் இறைப்பாள், ஆக்குவாள், உன் சட்டையிலிருக்கும் களிமண்ணைத் தேய்ப்பாள். நீ அவளிடமிருந்து எடுத்துக்கொள்வது உழைப்பை அல்ல. அதற்கு இருக்கும் பெயரை, கையெழுத்தை, அவள் வராவிட்டால் இன்றைக்கு வரவில்லையே என்று கேட்கிற ஒரு இடத்தை. அதை எடுத்துவிட்டு மாலை போட்டு உட்கார வைத்தால் அவள் ராணி ஆகமாட்டாள். இன்னொரு நான் ஆவாள்.

இத்தனையும் படித்துவிட்டு, "அம்மாவுக்கு என்ன குறை வைத்தோம்?" என்று நீ கேட்கலாம். ஒரு குறையும் இல்லை. நல்ல புடவை இருக்கிறது. உடம்புக்கு வந்தால் பார்க்கிறீர்கள். நான் கேட்பது அது இல்லை. ஒருவர் ஒரு வேலையைக் கண்ணும் கருத்துமாக, யாரும் பார்க்காவிட்டாலும் செய்கிறார் என்றால் அதுதான் அவருடைய நல்ல குணங்களிலேயே சிறந்தது. யாரும் பார்க்காதபோதும் செய்வது அவருடைய பெருமை. பார்க்க மறுப்பது மற்றவர்களின் பெருமையாக இருக்க முடியாது. இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் உனக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். 'உழைப்பே உயர்வு' என்று சுவரில் எழுதிப்போட்டிருப்பார்கள், அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தவன் யார் என்று கேட்க மாட்டார்கள்.

நேற்று அவர்கள் கிளம்பும்போது வாசலில் வசந்தா ஒரு நிமிஷம் பின்தங்கினாள். கார்த்திகை முடிவதற்குள் ராஜினாமா கொடுத்துவிட வேண்டும் என்று நீ சொல்லியிருக்கிறாயாம். "நீங்க என்ன சொல்றீங்க அத்தை?" என்று கேட்டாள். கெஞ்சவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். இந்தக் கல்யாணம் நின்றுபோனாலும் போகலாம் என்று அவள் ஏற்கெனவே யோசித்திருப்பது அந்தக் குரலில் தெரிந்தது. உள்ளேயிருந்து உன் அத்தை, "அண்ணி, தாம்பூலம் எங்க வச்சீங்க?" என்று கத்தினாள். நான் பதில் சொல்லாமல் தாம்பூலத் தட்டை எடுக்க உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் அப்பாவோடு நடந்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு நான் வாயால் என்ன சொன்னாலும் அது மாமியார் பேச்சு. கொடு என்றாலும் கொடாதே என்றாலும், நாளைக்கு அவள் வாழ்க்கையில் ஏதாவது கோணினால் பழி என் வார்த்தைமேல் வரும். அதனால் வேறு விதமாகப் பதில் சொல்லப்போகிறேன்.

நம் ஷெட்டிலிருந்து மூன்றாவது ஷெட்டில் கப்பும் சாஸரும் போடுகிறாரே, அவரை உனக்குத் தெரியும். போன வருஷம் அவர் கப்புகள் எல்லாம் சூளையிலிருந்து வந்த பிறகு சிலந்திவலைபோல மேல்பூச்சு வெடித்துக்கொண்டே இருந்தன. அவர் மாஸ்டரைத் தேடவில்லை, நேராக என்னிடம் வந்தார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "எஸ்டேட்டுல எல்லாருக்கும் தெரியும்க்கா. உங்க வூட்டுக்காரங்களுக்குத்தான் தெரியாது" என்றார். பூச்சுக்குச் சுருக்கம் அதிகம், மணலைக் கூட்டுங்கள் என்றேன். சரியாகிவிட்டது. அதிலிருந்து இரண்டு தரம் கேட்டுவிட்டார், "கிளேஸ் பொறுப்பு மொத்தமும் நீங்க எடுத்துக்குங்கக்கா. மாசச் சம்பளம், வருகைப் பதிவு, எல்லாம் முறைப்படி." வீட்டில் சங்கடம் வரும் என்று இரண்டு தரமும் மறுத்தேன்.

நம் ஷெட்டை நான் அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகமாட்டேன். அப்படிச் செய்தால் இத்தனை நேரம் எழுதியதற்கு அர்த்தமில்லை. தீபாவளிக்கு முன்னால் நீ திரும்பி வந்துவிடுவாய். அதன்பிறகு தினமும் காலையில் தொட்டிப் பக்கம் வந்து நின்றால், எனக்குத் தெரிந்தது முழுவதையும் உனக்குச் சொல்லித் தருவேன். உட்கார்ந்து கற்கவேண்டிய வேலை. பொறுமை இருந்தால் உனக்கு வரும், உன் கை நல்ல கை.

கார்த்திகை பிறந்ததும் நான் அந்த மூன்றாவது ஷெட்டில் வேலைக்குச் சேருகிறேன். உன் அப்பாவுக்குத் தெரியாது. கப்பு போடுகிறவருக்கே இன்னும் தெரியாது, நாளைக்குத்தான் போய்ச் சொல்லப்போகிறேன். தை மாதம் வசந்தா இந்த வீட்டுக்கு வருகிறாளா இல்லையா என்பதை நீயும் அவளும் பேசி முடிவு செய்யுங்கள். வந்தால், காலையில் அவளும் நானும் ஒன்றாகவே கிளம்புவோம்.

உன் அம்மா